கைப்பைக்குள் போன அட்டை

‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் முறை எந்தக் காட்சியில் எழுந்து கைதட்டத் தோன்றியதோ, அதே காட்சியில்தான் இந்த முறை எரிச்சல் வந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2016-ல் வந்த படம். கதை நடப்பது 1961-ஐ ஒட்டி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வேலை பார்க்கும் கேத்தரின் ஜான்சன், டோரத்தி வான், மேரி ஜாக்சன் என்ற மூன்று கறுப்பினப் பெண்களின் கதை. மூவரும் நிஜத்தில் வாழ்ந்தவர்கள். அப்போது ‘கம்ப்யூட்டர்’ என்பது ஒரு வேலையின் பெயர். நாளெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள், பெரும்பாலும் பெண். தலைப்பில் இருக்கும் ‘ஃபிகர்’ எண்ணையும் குறிக்கும், ஆளையும் குறிக்கும். தமிழில் அந்தச் சொல்லுக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் அர்த்தத்தை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, அந்தக் காட்சி. கேத்தரின் வேலை செய்யும் கட்டடத்தில் கறுப்பினப் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஒவ்வொரு தடவையும் அரை மைல் ஓட வேண்டும், கணக்குத் தாள்களை அணைத்துக்கொண்டு, மழையிலும். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவர் வெடித்துப் பேசிவிடுகிறார். உடனே மேலதிகாரியாக வரும் கெவின் காஸ்ட்னர் போய், ‘கறுப்பினப் பெண்களுக்கு’ என்ற பலகையை அடித்துப் பெயர்த்துப் போடுகிறார்.

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்த மேலதிகாரியே பலரைக் கலந்து செய்த கற்பனைப் பாத்திரம். நிஜ கேத்தரின், கழிப்பறைகள் தனித்தனி என்பதே தெரியாமல் பெயர்ப்பலகை இல்லாத வெள்ளையர் கழிப்பறைக்குத்தான் போய்வந்தார். பிறகு தெரியவந்தபோதும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான், பலகையை உடைக்க யாரும் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை.

கழிப்பறையால் நிஜமாகவே அவமானப்பட்டவர் மேரி ஜாக்சன். வேறொரு கட்டடத்துக்கு வேலையாகப் போன இடத்தில், கழிப்பறை எங்கே என்று கேட்டார். கூட இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அந்தக் கொதிப்போடு வெளியே வந்தவர், எதிர்ப்பட்ட காசிமியர்ஸ் சார்னெக்கி என்ற பொறியாளரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கேட்டுக்கொண்ட மனிதர், என் குழுவில் சேர்ந்துவிடுங்கள் என்றார். அப்படித்தான் மேரி ஒலியைவிட வேகமாகக் காற்று பாயும் சோதனைச் சுரங்கத்துக்குப் போனார். 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். இதைவிட நல்ல திரைக்கதை வேண்டுமா என்ன?

‘இது சினிமாதானே, ஆவணப்படமா?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். காலத்தைச் சுருக்குவதில் எனக்குச் சண்டை இல்லை. டோரத்தி வான் 1949-லேயே தன் பிரிவுக்குத் தலைவியாகிவிட்டார். படத்தில் 1961-லும் அந்தப் பதவிக்காகக் காத்திருக்கிறார். கறுப்பினப் பெண்கள் மட்டும் கணக்குப் போட்ட அவருடைய தனிப் பிரிவே 1958-ல் நாசா உருவானபோது கலைக்கப்பட்டுவிட்டது. போகட்டும்.

விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றப் புறப்படுவதற்கு முன், கணினி இயந்திரம் தந்த எண்களை ‘அந்தப் பெண்’ சரிபார்க்கட்டும் என்று கேட்டது உண்மை. படத்தில் அது கடைசி நிமிடப் பரபரப்பு. நிஜத்தில் 1962 பிப்ரவரி 20-ஆம் தேதிப் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே, மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து கேத்தரின் போட்ட கணக்கு அது. ஒன்றரை நாளை யார் திரையில் பார்ப்பார்கள்? வேகமாக்கினாலும் கணக்கு கேத்தரினுடையதாகவே இருக்கிறது. பலகை விஷயம் அப்படி இல்லை. அங்கே துணிச்சலையே எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதிலும் நிஜமாகவே ஒரு பலகையை அகற்றிய பெண் அங்கே இருந்தார், பெயர் மிரியம் மான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாங்லியில் கணக்குப் போட வந்தவர், குள்ளமான உருவம். உணவுக்கூடத்தின் பின்பக்க மேசையில் ‘கறுப்பினக் கணக்காளர்கள்’ என்று எழுதிய ஓர் அட்டை இருக்கும். மிரியம் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சில நாளில் புது அட்டை முளைக்கும். அதுவும் பைக்குள் போகும். வேலை போய்விடும் என்று வீட்டில் கணவர் பயந்தார். போனால் போகட்டும் என்பதுதான் மிரியமின் பதில். பிறகு ஒரு கட்டத்தில் புது அட்டை வருவது நின்றுபோனது.

படத்தில் மிரியம் மான் கிடையாது. இந்தக் கதை மார்கோட் லீ ஷெட்டர்லியின் புத்தகத்தில் இருக்கிறது. படமே அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்ததுதான். அதாவது எடுத்தவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது.

இத்தனைக்கும் எனக்குப் பிடித்த படம் இது, நாளைக்கே போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். டோரத்தியாக வரும் ஆக்டேவியா ஸ்பென்சர், ஐ.பி.எம். கணினி இயந்திரம் வந்தால் தங்கள் வேலை போகும் என்று புரிந்ததும், ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைப் படித்துத் தன் குழுவினருக்கும் சொல்லித்தரும் பகுதி இப்போதும் சிலிர்க்கவைக்கிறது. இயந்திரத்தைக் கண்டு அழாமல் அதன் மொழியைக் கற்றுக்கொண்டவர் நிஜ டோரத்தியும்தான்.

ஆனால் பலகை உடையும் காட்சி வரும்போது மட்டும் எனக்குள் வேறொரு படம் ஓடுகிறது. மதிய உணவு இடைவேளை, தட்டுகளின் சத்தம், பின்னணி இசை எதுவும் இல்லை. ஒரு குள்ளமான பெண் மேசையை நெருங்குகிறார். அட்டையை எடுக்கிறார், பையைத் திறக்கிறார், மூடுகிறார். அப்புறம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிக்கிறார்.