மூன்றா, எட்டா?

மொரீசியஸ் போகத் தென்னாப்பிரிக்கர்களான நமக்கு விசா வேண்டாம். திரும்பிவரும் டிக்கெட், தங்குமிடத்துக்கான முன்பதிவு, இணையத்தில் நிரப்பும் ஒரு படிவம், அவ்வளவுதான். அந்த நாட்டுக்காரர்கள் வாருங்கள் என்கிறார்கள். வாசலில் மறித்துக்கொண்டு நிற்பது நம் நாடுதான்! பிள்ளை தாயுடன் மட்டும் வெளிநாடு போனால் தகப்பனின் ஒப்புதல் கடிதம் வேண்டுமாம்.

நேற்று விடியற்காலை டர்பன் விமான நிலையம். கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை, அதனால் நானும் 14 வயது மகளும் மட்டும். அவருடைய ஒப்புதல் கடிதம், காவல் நிலைய முத்திரையுடன், கையில் இருக்கிறது. பெட்டிகளை வாங்கும் பெண் நம் பெண்தான். கடிதத்தை எடுத்தாள், விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், முத்திரையை நகத்தால் சுரண்டினாள்.

"ஆன்ட்டி, இந்த மாதம் மூன்றா, எட்டா?"

மை காய்ந்துபோன முத்திரையை எவரோ அரைகுறையாகக் குத்தியிருக்கிறார். எட்டின் இடப்பக்கம் விழவில்லை. எட்டு என்றால் ஆகஸ்ட், கடிதம் செல்லும். மூன்று என்றால் மார்ச், ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, செல்லாது. அதற்குக் கீழேயே என் கணவர் தன் கையால் ஆகஸ்ட் என்று முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைக் காட்டினேன். "அது முத்திரை இல்லையே" என்றாள். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டாள். அவள் மூன்று என்றாள். இன்னொருவன் வந்தான், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான், எட்டாக இருக்கலாம் என்றான். கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் குரல் ஆதாரமாகாதாம். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வீட்டுக்கே போய்விடலாம்" என்கிறாள். நாற்பது நிமிடம்! கடைசியில் மேலதிகாரி வந்தார், நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்தார், "எட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். ஒரு மன்னிப்பு? ஒரு வார்த்தை?

குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தான் இந்த விதி என்றால் தலைவணங்குகிறேன். ஆனால் என் மகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்போதே தாய், தகப்பன் இருவருடைய சம்மதத்தையும் இதே அரசு வாங்கிக்கொண்டதே, அது எங்கே போயிற்று? இந்த விதியை 2015 ஜூனில் கொண்டுவந்தார்கள். சுற்றுலாத் துறை கூச்சல் போட்டது. 2019 நவம்பரில், பெற்றோருடன் வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தளர்த்தினார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. கூலிகளாகச் சென்னையில் கப்பலேறிய நம் முன்னோரின் தழும்பையும் மச்சத்தையும்கூடப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அது வெள்ளைக்காரன் ஆட்சி. இது நாம் வரிசையில் நின்று வாக்களித்த ஆட்சி. பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிடுகிறது, இவர்கள் மையைச் சுரண்டிப் பார்க்கிறார்கள்.

அங்கிருந்து ஓடினோம். பாதுகாப்புச் சோதனையில் கைப்பையைத் திறந்தார்கள். பெட்டியில் வைத்தால் உடைந்துவிடும் என்று கையில் எடுத்துவந்த மாங்காய் ஊறுகாய். என் மாமியார் எழுபத்தைந்து வயதில் மாங்காயை வெயிலில் உலர்த்தி, கிளறிக் கிளறிப் போட்டது, மொரீசியஸில் இருக்கும் அவருடைய தங்கைக்காக. 100 மில்லிக்கு மேலாம். எவ்வளவோ கெஞ்சினேன். மூடியைச் சுற்றி அவர் கட்டிக்கொடுத்த வெள்ளைத் துணியைக்கூட அவிழ்க்காமல், அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.