அற்றோணி முடித்தால் பெர்மிட் காணி உங்கட ஆகாது

ஒரு தம்பி, "மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் பெர்மிட் காணி வாங்கப் பயப்பட வேண்டாம், புரோக்கர் அற்றோணித் தத்துவம் முடிச்சுத் தருவார், அது காணி உறுதி மாதிரித்தான்" என்று எழுதியிருக்கிறார். பிழை. பெர்மிட் காணி என்றால் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி.

அற்றோணி என்பது ஒருவருக்காக இன்னொருவர் செயல்பட அனுமதி மட்டும். கொடுத்தவர் நினைத்தால் ரத்துச் செய்யலாம், செத்தால் அதுவும் பொதுவாகச் செத்துப்போகும். பெர்மிட்காரருக்கே இல்லாத விற்கும் உரிமை, அற்றோணியால் உங்களுக்கு எப்படி வரும்? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை அந்தச் சட்டத்துக்கு மாறாகக் கைமாற்றினால் அது செல்லாது. அரசு அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) கொடுத்த காணி என்றாலும் கைமாற்றப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதனால் அட்வான்ஸ் நீட்ட முதல் பிரதேச செயலகத்துக் காணிப் பகுதியில் விசாரியுங்கள்.

உறுதிக் காணியா, அதாவது உறுதியுள்ள தனியார் காணியா? 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டப்படி உறுதி முடிக்க நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க நீங்களே நொத்தாரிசைப் பிடியுங்கள், புரோக்கர் கூட்டிவாறவரை அல்ல.

புரோக்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் எந்தக் காணி விலைக்கு நிற்குது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் காணி கைமாறினால்தான் அவருக்குக் கொமிஷன்.