ஊரடங்குக் காலக் கடை வாடகை: ஒரு திருத்தம்

கொரோனா ஊரடங்கில் பூட்டிக் கிடந்த கடைகளுக்கு வாடகை தர வேண்டியதில்லை என 2020இல் மத்திய அரசே உத்தரவிட்டதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி உத்தரவு எதுவும் இல்லை.

அவர் மனத்தில் இருப்பது 2020 மார்ச் 29 தேதியிட்ட உள்துறை அமைச்சக உத்தரவாக இருக்கலாம். புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் இடங்களில் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது அது. குடியிருப்பு என்பதைக் கவனியுங்கள். கடை, கிடங்கு வாடகை பற்றி அதில் பேச்சே இல்லை. இது பற்றிப் பகிரப்படும் ஒரு படத்தில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கடை வாடகைக்கு ஒப்பந்தமே முதல் ஆதாரம். டெல்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில் 2020 மே 21 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வாடகை நிறுத்திவைப்புக்கு ஒப்பந்தத்தில் இடமிருந்தால் கேட்கலாம். இல்லையென்றால், 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவின்படி, இடம் நிரந்தரமாகப் பயன்படாமல் போயிருக்க வேண்டும். தற்காலிகமாக மூடியது போதாது. அந்த வாடகைதாரருக்குக் கிடைத்தது கூடுதல் அவகாசம்தான், தள்ளுபடி அல்ல.

சரிபார்ப்பது எளிது. அந்த உள்துறை அமைச்சக உத்தரவை முழுதாகப் படியுங்கள். 108ஆம் பிரிவு, சட்டங்களை வெளியிடும் அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கும் முன், உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ‘எதிர்பாராத பேரிடர்’ பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.