செஷயர் நாகசாகியில் குண்டு போடவில்லை

மேலே ஒருவர், "ஜெர்மன் அணைகளை உடைத்ததற்காக விக்டோரியா கிராஸ் வாங்கிய லெனார்ட் செஷயர்தான் நாகசாகியிலும் குண்டு போட்டார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. செஷயர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சு விமானி; விக்டோரியா கிராஸ் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது.

1943 மே மாதம் அணைகளைத் தாக்கப் போன 617 ஸ்குவாட்ரன் என்ற பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கை கிப்சன். செஷயர் அந்தப் படைக்கு வந்ததே அந்த ஆண்டு நவம்பரில். அவருடைய விக்டோரியா கிராஸும் ஒரே ஒரு சாகசத்துக்காகக் கிடைத்ததல்ல. நான்கு ஆண்டுகளில் நூறு முறை பறந்ததற்காக 1944 செப்டம்பரில் கொடுத்தது.

அவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க லிமோஜ் போதும். 1944 பிப்ரவரியில் பிரான்சின் அந்த ஊரிலிருந்த விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்க வேண்டும். உள்ளே இரவு வேலையில் பிரெஞ்சுப் பெண்கள். கூரையை உரசுகிற மாதிரி மூன்று முறை தன் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைத் தாழ்வாக ஓட்டி, அவர்கள் வெளியே ஓட நேரம் கொடுத்தார். அப்புறம்தான் இலக்கைக் காட்டும் எரிகுண்டுகளைப் போட்டார். எதிரிக்கும் அது எச்சரிக்கைதான் என்பது தெரியாமலா செய்திருப்பார்?

சரி, நாகசாகி? குண்டு போட்ட விமானத்தை ஓட்டியவர் சார்லஸ் ஸ்வீனி. செஷயர் பிரிட்டன் அனுப்பிய பார்வையாளர், வேறொரு விமானத்தில் வெறும் பயணி. அந்த விமானம் மற்றவற்றோடு சேர வேண்டிய இடத்தில் சேராததால், வெடிப்பைத் தூரத்திலிருந்துதான் பார்த்தார்.