எலும்பில் கை பழகாமல் காதைத் தொடாதீர்கள்

"காது ஆபரேஷன் கத்துக்க வீடியோ பார்த்தாலே போதும், செத்தவங்க எலும்பைக் குடைஞ்சு பழகுறதெல்லாம் அந்தக் காலம்." ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒருவர் இப்படிச் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். விழுந்த கைதட்டலையும் கேட்டிருப்பீர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை.

டெம்போரல் எலும்பு, அதாவது காதைத் தாங்கும் மண்டையோட்டு எலும்பு, வீடியோவில் பிடிபடாது. காதுக்குப் பின்னால் மேடாகத் தட்டுப்படும் மாஸ்டாய்டைக் குடைந்து இறங்கினால் மேலே மூளையின் உறை, பின்னால் சிக்மாய்டு சைனஸ் என்கிற பெரிய ரத்தக்குழாய், உள்ளே முகத்தை அசைக்கிற ஃபேஷியல் நரம்பு. இந்த நரம்பு எலும்புக்குள்ளேயே 3 சென்டிமீட்டர் போல வளைந்து ஓடுகிறது. சிலருக்கு நடுக்காதில் அதன்மேல் எலும்பு மூடியே இருக்காது. சைனஸை நெருங்கும்போது எலும்பு நீலம் பாரிக்கும், டிரில்லின் சத்தம் மாறும். அந்தச் சத்த மாற்றம் கைக்குத் தெரிய வேண்டும். கைக்கு!

நான் முதன்முதலில் குடைந்த எலும்பு நினைவிருக்கிறது. ஃபார்மலின் நெடியில் கண் எரிகிறது. வெள்ளையாக ஏதோ நூல் பிசிறு டிரில்லின் முனையில் சிக்கியது, சவ்வு என்று நினைத்தேன். பின்னால் நின்ற சீஃப் சத்தமே போடாமல், "தம்பி, இவருக்கு இனிமே வாய் கோணல்தான்" என்றார். அன்று ராத்திரி தூங்கவில்லை. செத்தவர் எலும்பு, மன்னித்துவிட்டது.

பிறகு ஓபிக்கு ஒரு அக்கா வந்தார். வேறெங்கோ காதுக்கு ஆபரேஷன் ஆனவர். ஒரு கண் மூடாது. காபி குடிக்கும்போது முந்தானையால் வாயோரத்தைப் பொத்திக்கொள்வார். தேர்ந்த கையிலும் இது நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழகாத கையில்?

எலும்பு கிடைப்பதில்லை என்பீர்கள். உண்மைதான். ஆட்டுத் தலை கிடைக்கிறதே! மாஸ்டாய்டு நம்முடையது போல இருக்காது, ஆனால் நடுக்காதின் சின்ன எலும்புகளில் கை நடுக்கம் போகும். கம்ப்யூட்டரில் குடைந்து பழகும் சிமுலேட்டர், 3டி பிரிண்டரில் செய்த எலும்பு எல்லாம் வரட்டும், முதல் நாளுக்கு நல்லது.

"நாங்க நேரா பேஷண்ட்லதான் கத்துக்கிட்டோம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். யார் காதில் அண்ணே? காசு கொடுத்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறவர் காதிலா? விடியற்காலை பஸ் பிடித்து வந்து, சீழ் வடிகிற காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வரிசையில் உட்காருகிறாரே, அவர் காதில்தானே? என் அப்பாவும் அப்படி ஒரு வரிசையில் உட்கார்ந்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் நிற்பேன். காதை அறுக்காமல் நாலு தலை சொல்லி வைத்திருக்கிறேன். பிஜி (மேற்படிப்பு) படிக்கிற டாக்டர் பிள்ளைகள் யார் வந்தாலும் சரி, டிரில் நான் கொண்டுவருகிறேன்.