கிளேஸ் சூத்திரத்தை ஒளித்து வைத்து யாருக்கு என்ன லாபம்?

மண் வேலை செய்பவர்களிடையே எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. அழகான ஒரு கிண்ணத்தைக் காட்டுவார்கள். "இந்த நீலம் எப்படி வந்தது?" என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கிளேஸ் என்பது பாண்டத்தின்மேல் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படிகிற பூச்சு. அதன் சூத்திரம் உழைத்துக் கண்டுபிடித்தது, சொல்வதும் சொல்லாததும் அவர்கள் உரிமை. ஆனாலும் ஒரே சூளையில் சேர்ந்து அடுக்குகிற ஆட்களுக்குள் இந்த ஒளிவுமறைவு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சூத்திரம் கைக்கு வந்துவிட்டால் நிறமும் வந்துவிடாது. கிளேஸில் கலக்கும் கனிமப் பொடிகள் அதேதான்: ஃபெல்ட்ஸ்பார், சிலிக்கா, கயோலின், சுண்ணாம்பு, அதே எடை. ஆனால் என் மண் வேறு, நான் பூசும் கனம் வேறு, என் சூளை ஆறும் வேகம் வேறு. ஒன்றிரண்டு சதவீதம் இரும்பு ஆக்சைடு போட்ட கிளேஸைக் காற்றைக் குறைத்து எரித்தால் செலடான் என்கிற இளம்பச்சை கிடைக்கும். அதையே சாதாரண மின்சூளையில் சுட்டால் வெளிர்மஞ்சள் பக்கம் போய்விடும். கேட்டு வாங்கியவரும் சோதனை ஓடுகளாகச் சுட்டுச் சுட்டுத்தான் ஒரு நிறத்துக்கு வந்து சேருவார். அது பெரும்பாலும் கொடுத்தவரின் நிறமாக இருக்காது.

சூத்திரத்தைவிடப் பெரிய கொடை, உடைந்ததைக் கொண்டுவந்து காட்டுவது. தோழி ஒருத்தியின் பெரிய தட்டு விரிசலோடு சூளையிலிருந்து வந்தது. குப்பையில் போடாமல் எல்லோரும் பார்க்கிற மேசையில் வைத்தாள். எங்களில் மூத்தவர் ஒருவர் விரிசலின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "கத்தி மாதிரி கூர்மையா இருக்கு பாரும்மா. கிளேஸ் உருகுறதுக்கு முன்னாடியே விட்டிருந்தா, உருகினப்போ இந்த விளிம்பு மழுங்கியிருக்கும். இது ஆறும்போது விட்டது" என்றார். அப்புறம் விளக்கினார். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமம் 573 டிகிரி செல்சியஸை ஒட்டித் திடீரென்று அளவு மாறும், ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். அகலமான தட்டில் ஓரம் முதலில் ஆறிவிடும். நடுப்பகுதியோ சூளைக்குள் பாண்டங்களைத் தாங்கும் கனமான ஷெல்ஃபின் மேல் சூட்டோடு உட்கார்ந்திருக்கும். ஓரம் சுருங்கும்போது நடு சுருங்கவில்லை என்றால் தட்டு பிளந்துவிடும். அதன் பிறகு தட்டுகள் வைத்த சூளையை அந்தக் கட்டத்தில் நாங்கள் யாருமே அவசரப்பட்டு ஆற விடுவதில்லை. உடைந்தது ஒருத்தியின் தட்டு, பாடம் அறையில் இருந்த அத்தனை பேருக்கும்.

சேர்ந்து சூளை போடுவதற்கே ஒரு நம்பிக்கை வேண்டும். சரியாகக் காயாத ஒரு பாண்டம் வெடித்தால் பக்கத்தில் இருப்பவரின் வேலையும் போகும். ஒருவர் அளவுக்கு மீறிக் கனமாகப் பூசிய கிளேஸ் வழிந்தால் எல்லோருக்கும் பொதுவான ஷெல்ஃப் பாழ். அதனால்தான் அடுக்கும்போது ஒருவர் பாண்டத்தை இன்னொருவர் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இந்தச் சூளைக்கு வேண்டாம். அதைச் சொல்கிறவர்மீது யாருக்கும் கோபம் வருவதில்லை. விறகுச் சூளை என்றால் கேட்கவே வேண்டாம். இரவு பகலாக முறை வைத்து எரிக்க வேண்டும், தனி ஆளால் முடியாது.

சேர்ந்து வேலை செய்தால் எல்லோருடைய பாண்டமும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு லூசி ரீ, ஹான்ஸ் கோப்பர் என்ற இரண்டு மண்பாண்டக் கலைஞர்களைச் சொல்வேன். ரீ 1938இல் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்தவர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கோப்பர், 1946இல் அவருடைய ஸ்டூடியோவில் பீங்கான் பொத்தான் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குமுன் அவர் மண் வேலை செய்ததே இல்லை. 1958 வரை இருவரும் அங்கே சேர்ந்து உழைத்தார்கள். சேர்ந்து செய்த கோப்பைகளிலும் கிண்ணங்களிலும் இருவர் முத்திரையும் இருக்கும். ஆனால் ரீயின் கிண்ணங்கள் மெல்லிய சுவரும் வண்ணமுமாக இருக்கும். கோப்பருடையவையோ தனித்தனியாக வனைந்து ஒட்டிய, சிற்பம் போன்ற பாண்டங்கள். எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் "அருமை, அருமை" என்று சொல்கிற கூட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கோப்பையைத் தூக்கிப் பார்த்து "அடி கனமா இருக்கு" என்று சொல்லும் நண்பர் வேண்டும். காய்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்குகிறவரைத் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறவர் கட்டாயம் வேண்டும். சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த வழியில்லை. இதில் தயவு தாட்சண்யமே பார்க்கக் கூடாது.

சூத்திரம் வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யார் கொடுத்தது என்பதை உங்கள் நோட்டிலும், சோதனை ஓட்டின் பின்பக்கத்திலும் எழுதுங்கள். எந்த மண், எந்தக் கோன் (சூளை எட்டிய சூட்டைக் காட்டும் சிறு கூம்பு), எப்படி ஆற விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு அந்த ஓட்டைக் கொடுத்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள், நிறம் சரியாக வராமல் போயிருந்தாலும் காட்டுங்கள். அவருடைய சூத்திரம் வேறொரு மண்ணில் என்ன ஆகிறது என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.