டோக்கெலாவில் குறைந்த 16 வாக்குகள்

2007 அக்டோபரில் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதை ஒரே நாளில் முடிக்க வழியில்லை. சமோவாவின் அபியா நகரில் தொடங்கி, பிறகு கப்பலேறி, அடாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ என்று தீவு தீவாகச் சென்று ஐந்து நாள்களில் நிறைவுற்றது. நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதியான டோக்கெலாவ் தன்னாட்சி பெற வேண்டுமா என்பதே கேள்வி. 446 பேர் வேண்டும் என்றார்கள். 246 பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு தேவை என்பது விதி என்பதால், 16 வாக்குகள் குறைந்து முயற்சி தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த முதல் வாக்கெடுப்பில் ஆதரவு 60 விழுக்காட்டில் நின்றிருந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலே வந்தது. ஆள்கிற நாடே முன்வந்து 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நீட்டியதை இருமுறை வாங்க மறுத்தவர்களை என்னவென்று சொல்வது? அந்தத் தீவுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் எரிச்சல்தான் அவசரப்பட்டது என்று புரிந்தது.

டோக்கெலாவ் என்பது மூன்று பவளத்தீவுக் கூட்டங்கள். நிலப்பரப்பு எல்லாம் சேர்த்தும் சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சூழ்ந்த கடலுரிமைப் பரப்போ 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு கூட்டமும் நடுவில் உப்பங்கழியும் அதைச் சுற்றி மாலைபோல் மெல்லிய திட்டுகளுமாக அமைந்தது. கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரும் இடம் அரிது. ஆறு கிடையாது, குடிக்க மழைநீர்தான். விமான ஓடுதளமும் துறைமுகமும் இல்லை. அபியாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து வரும் கப்பல் பாறைத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும். ஆளையும் அரிசி மூட்டையையும் சிறு படகுகளில் இறக்கி, பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியாகக் கரைசேர்க்க வேண்டும். இப்படி ஓர் இடத்தில் ஏறத்தாழ 1,500 பேர் வாழ்கிறார்கள். (2011 டிசம்பரில் சமோவா நாட்காட்டியில் ஒரு நாளைத் தாண்டி நாள்கோட்டின் மறுபக்கம் போனபோது, டோக்கெலாவும் கூடவே தாண்டியது. கப்பல் அபியாவிலிருந்துதானே வர வேண்டும்!)

இவர்கள் தங்களை ஆண்டுகொள்ளத் தெரியாதவர்கள் அல்லர் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு ஊரிலும் 'தௌபுலேங்கா' என்னும் மூத்தோர் அவை உண்டு. பள்ளி, மருத்துவமனை, ஊர்ப் பணிகள், யார் என்றைக்கு மீன்பிடிக்கப் போவது என்பது வரை அதன் பொறுப்பு. நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் இருந்த, அந்நாடு நியமித்த நிர்வாகியின் அதிகாரங்கள் 2004இல் இந்த மூன்று ஊரவைகளிடமே ஒப்படைக்கப்பட்டன. அவை தாங்கள் தனித்தனியே முடிவெடுக்க முடியாதவற்றை, அதாவது மூன்று தீவுகளுக்கும் பொதுவான விவகாரங்களை மட்டும், 'பொது ஃபோனோ' என்னும் மன்றத்திடம் மேலே அனுப்புகின்றன. நமக்குப் பழக்கமான ஆட்சி முறையில் தலைநகரம் கிராமத்துக்கு அதிகாரத்தைக் கிள்ளிக் கொடுக்கும். அங்கே கிராமம் மேலே அள்ளிக் கொடுக்கிறது. நிலையான தலைநகரமே இல்லை. மூன்று ஊர்களின் தலைவர்களும் முறைவைத்து ஆண்டுக்கு ஒருவராக 'உலு' என்னும் ஆட்சித் தலைவர் ஆவார்கள். அந்த ஆண்டு அவருடைய ஊரே தலைநகரம்.

இதைவிட என்னைக் கவர்ந்தது 'இனாட்டி' என்னும் பங்கீட்டு முறை. ஊருக்காகக் கடலுக்குப் போன ஆண்கள் கொண்டுவரும் பாடு முழுவதும் கரையில் குவிக்கப்பட்டு, வீட்டுக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் பங்கிடப்படுகிறது. படகேற முடியாத முதியவர் வீட்டுக்கும், ஆண் துணையற்ற வீட்டுக்கும் அதே கணக்குதான். 2012இல் டீசல் மின்னாக்கிகளை விட்டு மூன்று தீவுகளும் சூரிய மின்சாரத்துக்கு மாறியது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பலகைகளைப் பொருத்திய வேலையிலும் ஊரே கைகொடுத்தது.

இதை ஒரு சொர்க்கமாக வரைந்து காட்ட எனக்கு விருப்பமில்லை. மூத்தோர் அவையில் பெரும்பாலும் ஆண்களே அமர்கிறார்கள். அரசுச் செலவில் பெரும் பங்கு நியூசிலாந்தின் பணத்திலும் சூரை மீன்பிடி உரிமத்துக்கு வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் கட்டணத்திலும் நிற்கிறது. மேற்படிப்புக்கும் பெரிய சிகிச்சைக்கும் கடல் கடந்தாக வேண்டும். 1863இல் பெருவின் அடிமைக் கப்பல்கள் 250க்கும் மேற்பட்டோரை அள்ளிச் சென்ற தீவுகள் இவை. கப்பலில் ஏறிப் போனவர் திரும்பாமல் போவது என்றால் என்னவென்று அந்த ஊர்களுக்குத் தெரியும். இன்று போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்கள். 1949 முதல் டோக்கெலாவ் நியூசிலாந்தின் பகுதி என்பதால் அனைவரும் அந்நாட்டுக் குடிமக்கள். டோக்கெலாவ் வழியினர் 8,000க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள்.

இந்த நிலையில் 'வேண்டாம்' என்று வாக்களித்த 246 பேரை நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். நியூசிலாந்தோடு உறவை அறுத்துக்கொள்ளாமலே தன்னாட்சி பெற்ற பசிபிக் தீவு நாடுகளான குக் தீவுகளுக்கும் நியுவேவுக்கும் கிடைத்த அதே ஏற்பாட்டில்தான் இவர்களுக்கும் குடியுரிமை தொடரும் என்று உறுதி தரப்பட்டது. ஆனால் புயல் அடித்தால், கடல் உயர்ந்தால், கப்பல் பழுதானால், தாளில் எழுதிய உறுதி எவ்வளவு தூரம் வரும் என்று ஒரு பாட்டி யோசித்திருந்தால் அது நியாயமான யோசனை. ஐக்கிய நாடுகள் அவையின் 'தன்னாட்சியற்ற பகுதிகள்' பட்டியலில் 1946 முதல் டோக்கெலாவின் பெயர் இருக்கிறது. பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டிய அவசரம் நியூயார்க்குக்கும் வெலிங்டனுக்கும் இருந்த அளவுக்கு அடாஃபுவில் இல்லை என்பதே என் வாசிப்பு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த வாக்கெடுப்பில் நியூசிலாந்தில் குடியேறிய டோக்கெலாவ் மக்களுக்கு வாக்கில்லை. பொரிருவாவிலும் ஹட் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்துகொண்டு, விடுமுறைக்கு ஊருக்குக் கப்பலேறுகிறவர்கள் அவர்கள். மூன்றாம் முறை கேள்வி எழுந்தால் அவர்களையும் கேட்க வேண்டும் என்றே சிலர் சொல்லக்கூடும். நான் அதற்கு உடன்பட மாட்டேன். போனவர்களின் எண்ணிக்கை இருப்பவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல்; அவர்களுக்கும் வாக்குக் கொடுத்தால், மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கிறவரின் முடிவைக் குழாயைத் திறந்து குடிக்கிறவர் எடுத்துவிடுவார். பேச்சில் அவர்களுக்கு இடம் கொடுக்கலாம். பெட்டியில் விழும் சீட்டு தீவில் இருப்பவருடையதாகவே இருக்கட்டும்.